ரோடா அத்தை எடுத்துக் கொடுத்த அடி

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான்காம் வகுப்போடு நின்றவன் நான். கதை கட்டத் தெரியாது. பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கத் தெரியும். அமெரிக்காவில் கென்டக்கி மலைப் பாடகன் ஹெர்ஷல் ஸ்டாலர்டுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் நின்று அதைத்தான் வாசித்தேன்.

ஹெர்ஷலுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே பாட்டு. ஆற்றில் முழுகிப்போன பெண்ணின் பாட்டு. அது அவனுடையது இல்லை. ரோடா ஃபியூகேட் அத்தை கட்டியது. 1932-இல் அவள் வீட்டில் பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுவிட்டு, அவளைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தோம். இசைத்தட்டில் தன் பேரைப் போட்டுக்கொண்டான். அவள் காசு கேட்கவில்லை. "ரேடியோவில ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லச் சொல்லு" என்று ஆள் மேல் ஆள் விட்டாள்.

"சொல்லிட்டா எனக்குன்னு என்னடா மிஞ்சும், லோனி?" என்பான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

1951, பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. லெக்சிங்டன் ரேடியோவில் விவசாயிகளுக்கான விடிகாலை நிகழ்ச்சி. குடி அவனைத் தின்றிருந்தது. அந்த மாதமே இரண்டு தடவை நடுப்பாட்டில் வார்த்தை மறந்து நின்றான். நிகழ்ச்சிக்குப் பணம் போடும் மாவுக் கம்பெனிக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். இன்று தடுமாறினால் நிகழ்ச்சி போச்சு. அதோடு ஹெர்ஷலும் போனான்.

"கை நடுங்குதேடா" என்றேன்.

"குடிக்காம வந்திருக்கேன்ல, அதான்."

"அப்ப குடிச்சிட்டே வந்து தொலைச்சிருக்கலாம்."

சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

5.31. சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் சரணம் சுத்தம். இரண்டாவதில்... நின்றுவிட்டான். அவன் வந்து சேரட்டும் என்று நான் அதே மெட்டைச் சுற்றி வாசித்தேன். மறுபடியும் சுற்றி வாசித்தேன். அவன் உதடு மட்டும் அசைந்தது.

5.33. என் இடது தோளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், அடுத்த அடியைச் சொன்னது. பின்னால் இருந்தது வெறும் சுவர்.

எங்கள் மலைக் கோயில்களில் பாட்டுப் புத்தகம் இல்லை. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கி இழுத்துப் பாடும். தொட்டில் பழக்கம். அடி விழுந்தால் வாய் தானாகத் திறக்கும்.

ஹெர்ஷலுக்கும் திறந்தது.

குரல் சொன்னது. அவன் பாடினான். மாவுக்காரர் தலையாட்டினார். அவருக்குக் கேட்டது ஒரு குரல்தான். எனக்கு இரண்டு.

பாட்டு முடிந்தது. நான் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

குரல் முடிக்கவில்லை...

"இதக் கட்டினவ ரோடா ஃபியூகேட்..."

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் வாய் பாடியது.

"நான் பாடக் கேட்டுத் திருடினவன் ஹெர்ஷல்..."

பாடினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எடுத்ததக் குடுத்துட்டுப் போ..."

பாடினான்.

5.40.

வாய் திறந்தே இருந்தது.

சத்தம் இல்லை.

தொண்டையில் கோளாறே இல்லை என்றார் டாக்டர். ஹெர்ஷல் அதன் பிறகு ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த வாரம் மலைக்குப் போனேன். அத்தையின் மகள் ஐடா கதவைத் திறந்தாள். அத்தை எட்டாம் தேதி ராத்திரியே இறந்துவிட்டாளாம். பனியில் பாதை அடைத்துப் போனதால் துக்கத்துக்கு வந்து சேர்ந்தது ஆறு பெண்கள்தான். முன்னறையில் உடலோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்.

"விடியறதுக்கு முன்ன யாரோ அம்மா பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுத்தாங்க, அண்ணே. நாங்க வாங்கிப் பாடினோம். எடுத்துக் கொடுத்தது பக்கத்துல இருக்கிறவதான்னு ஒவ்வொருத்தியும் நெனச்சோம்."

"ரேடியோவா இருக்கும்."

"கரண்டே இல்லாத வீட்டுல ரேடியோவா? கேளுங்க... எங்களோட சேந்து ஒரு ஆம்பளக் குரலும் பாடிச்சு, ஆளக் காணோம். அம்மாவப் புதைச்சாச்சு. அந்தக் குரல் போகல, தெனம் விடியறதுக்கு முன்ன பாடுது."

நான் யார் சொன்னாலும் நம்புகிறவன் இல்லை. அன்று ராத்திரி அந்த முன்னறையிலேயே தங்கினேன். சட்டைப்பைக் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி...

5.33.

மூலையிலிருந்து பாட்டு எழுந்தது. மெதுவாக, இழுத்து இழுத்து. பத்தொன்பது வருஷம் பின்னால் நின்று கேட்ட குரல், எனக்குத் தப்பாது.

ஹெர்ஷல் அப்போது லெக்சிங்டனில் உயிரோடு இருந்தான்.