சிவமலரின் மகன் தாதி

இடுப்பு எலும்பு ஒபரேசன் முடிந்த மறுநாள் நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. குடித்தால் சலம் போகப் போத்தல் கேட்க வேண்டும். கேட்டால் தாதி யூலியா வருவாள். நல்ல பிள்ளை, குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் என் மகள் அஜிதாவைவிட இளையவள். எழுபத்திரண்டு வயதுச் சிற்றம்பலம் அவளுக்கு முன்னால் போர்வையை விலக்குவதா? விசர்க் கதை! ஊற்றித் தந்த தண்ணீரைக் கட்டிலடிப் பூச்சாடிக்குள் விட்டுவிட்டு, குடித்துவிட்டேன் என்று தலையாட்டினேன்.

இரண்டு நாளில் வுப்பர்டால் என்ற இந்த ஜேர்மன் நகரமே மிதக்கத் தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றின்மேல் போய்க்கொண்டிருந்த தொங்குரயில் மெல்ல அறைக்குள் வந்தது. என் காலடியால் சத்தமில்லாமல் ஊர்ந்தது. ஒரு பெட்டிக்குள் நான் முப்பது வருடம் கோப்பை கழுவிய இத்தாலியன் சமையலறை ஆவி பறக்க நின்றது. அடுத்த பெட்டியில், செத்துப்போன என் மனுசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இறங்கி வாவன் என்றேன். கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பயமே வரவில்லை. பஞ்சுக்குள் கிடப்பதுபோல் சுகமாக இருந்தது. அடுத்த ரயிலில் நானும் ஏறலாம் என்றுகூட நினைத்தேன்.

"ஐயா, நாக்கை ஒருக்கா நீட்டுங்கோ."

தமிழ்க் குரல். ரயிலில் இருந்து வருகிறதாக்கும் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் நீலச் சட்டை, நரை விழுந்த தாடி, நெஞ்சில் பெயர் அட்டை: இளங்கீரன். சிவமலரின் மகன். ஐயோ கடவுளே, இந்த நகரத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா!

காரணம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னர் அஜிதாவுக்கு மாப்பிள்ளை தேடினேன். எங்கள் கோயிலுக்கு வருகிற சிவமலர், "மகன் ஒஸ்பிற்றலில வேலை" என்றாள். எங்கள் சனத்துக்கு அது போதும், மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொள்வோம். நானும் டொக்டர் என்று நிரப்பிக்கொண்டு சாதகம்கூடக் கேட்டுவிட்டேன். அவன் தாதி என்று பிறகு யாரோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் குரலை உயர்த்திக் கேட்டேன்: "பீச்சட்டி தூக்கிறவனுக்கோ நான் என்ர பெட்டையைக் குடுக்கிறது?" சிவமலர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போனாள். அஜிதா பிறகு மியூனிக்கில் ஒரு கொம்பியூட்டர்காரனைக் கட்டி நன்றாகத்தான் இருக்கிறாள்.

இளங்கீரன் என் நாக்கைப் பார்த்தான். கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தான். பிறகு பூச்சாடியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினான்.

"தண்ணியை ஏன் விட்டனீங்கள் எண்டு தெரியும் ஐயா. வெட்கம். இப்பிடியே இன்னும் ரெண்டு நாள் போனால் கிட்னி நிண்டுபோம். கனவு கண்டுகொண்டே போயிடுவியள்."

"போனால் போறன், விடு."

"விட ஏலாது. இந்த வார்டில இருபத்தொரு பேர் வேலை செய்யிறம். ஆம்பிளையள் மூண்டே மூண்டு பேர். வெட்கத்தில காயிற கிழவன்மார் எத்தினை பேரெண்டு எங்கள் மூண்டு பேருக்கும்தான் தெரியும்."

டொக்டரைக் கூப்பிட்டான். கையில் சேலைன் ஏறியது. இளங்கீரன் கரண்டியால் தண்ணீர் பருக்கினான். மறுநாள் விடியத் தொங்குரயில் தன்பாட்டில் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

அன்று காலை அவன் என்னைத் துடைத்துவிட்டான். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்தான். இப்ப வலக்கை, இப்ப முதுகு, தண்ணி கொஞ்சம் சுடும் ஐயா. துடைக்கிற இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துவாயால் மூடி வைத்திருந்தான். வெந்நீர் ஆவியில் எனக்கு நித்திரை வந்தது. அந்த மயக்கத்தில், "ஏன் தம்பி இந்த வேலைக்கு வந்தனீ?" என்று கேட்டுவிட்டேன்.

"பன்ரெண்டு வயசில அம்மாவின்ர ஒபரேசனுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. டொக்டர் கடகடவெண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. யோசப் எண்டு ஒரு நேர்ஸ், பெரிய மீசைக்காரன், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, படம் கீறிச் சொன்னார். முடிய என்னட்டை, உனக்குப் பயமா இருக்கோ எண்டு கேட்டார். வேற ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை ஐயா. அண்டைக்கே முடிவெடுத்திட்டன்."

அதற்குப் பிறகு பேசாமல் கிடக்க என்னால் முடியவில்லை.

"தம்பி, உன்னை வேண்டாமெண்டது நான்தான்."

"தெரியும்." கை நிற்கவில்லை, கால்விரல்களுக்கு நடுவே ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தான். "நீங்கள் சொன்ன சொல்லும் தெரியும்."

"மன்னிச்சுக்கொள்ளடா."

"எனக்கு என்ன ஐயா, நான் கலியாணங் கட்டிப் பிள்ளையும் இருக்கு. அம்மாதான் பாவம். இண்டைக்கும் ஆரும் கேட்டால் ஒஸ்பிற்றலில வேலை எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொள்ளுவா."

வாளியை எடுத்துக்கொண்டு அவன் போனபின் நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு போனை எடுத்துச் சிவமலரைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, சிற்றம்பலம் கதைக்கிறன். உம்மட மகன் நேர்ஸ். அவன்ர கையாலதான் நான் இண்டைக்கு உயிரோட இருக்கிறன். அண்டைக்குச் சொன்னது பிழை."



"எனக்கு ஏன் அண்ணை சொல்லுறியள்? என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதே? அண்டைக்குக் கோயிலில அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னனீங்கள். அங்கையே வந்து நிண்டு சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டாள்.

எங்கள் கோயில் ஒரு பழைய தொழிற்சாலையின் மேல்மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது, இருபத்திரண்டு படிகள். நான் கட்டிலோரத்து மணியை அழுத்தினேன். யூலியா வந்தாள். போர்வையை நானே விலக்கிக்கொண்டு, எழும்பி நிற்க வேண்டும், என்னைப் பிடி பிள்ளை என்றேன்.