மூலை வெட்டிய பலகை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் தட்டக்கா என்றுதான் சொல்வார்கள். கையில் எந்நேரமும் உடைந்த மண்வெட்டிக் காம்பு ஒன்று இருக்கும். தளத்தில் எங்கே பலகை கிடந்தாலும் அந்தக் காம்பால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போவாள். அடியில் கான்கிரீட் இருந்தால் சத்தம் சப்பென்று அடங்கிவிடும். அடியில் ஒன்றுமில்லை என்றால் பலகை அதிரும். வீட்டில் யார் இருக்காங்கன்னு கேளுங்க அக்கா என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கிண்டல் செய்வான்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. புருஷனின் இடுப்பெலும்பைக் கொடுத்து வாங்கியது.

அவள் புருஷன் சென்ட்ரிங் தச்சர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்துப் பலகையடித்து அச்சுக் கட்டுகிற வேலை. கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் பலகை விஷயத்தில் மட்டும் கடைந்தெடுத்த கஞ்சன். சொந்தப் பலகையாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் கான்ட்ராக்டர் பலகைதான். இருந்தும் ஒரு நல்ல பலகை வேலையில்லாமல் தரையில் கிடந்தால் அவருக்குக் கண்ணை உறுத்தும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. குழாய்கள் இறங்குவதற்காகத் தளத்தில் விட்டிருந்த ஓட்டையை யாரோ ஒரு புத்தம்புதுப் பலகையைப் போட்டு மூடியிருந்தார்கள். கீழே ஓட்டை இருக்கிறது என்று எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல சாமான் சும்மா கிடக்கிறதே என்று இவர் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். ஆளுயரப் பலகை முகத்தை மறைத்தது. தூக்கிய வேகத்தில் ஓர் எட்டு முன்னால் வைத்தார். பலகை எங்கே கிடந்ததோ அங்கேதானே கால் போகும்?

கீழே கொட்டி வைத்திருந்த மணலில் விழுந்ததால் உயிர் தப்பியது. வந்து விசாரித்தவர்கள் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளும் பலகை தூக்கியிருக்க மாட்டான். கட்டட வேலைக்காரன் கண்ணை அகல விழித்துக்கொண்டே செய்கிற தப்பு அது.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். ஊன்றுகோல் வந்தது. அவள் சித்தாளாகக் கல்லும் மணலும் சுமந்து வீட்டை ஓட்டினாள். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து மூக்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆடுகிற நாற்காலிகளை எல்லாம் சரிசெய்து முடித்தார். அதன்பிறகு ஆடாத நாற்காலிகளையும் ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பேச்சு வந்தால், பலகையை அங்கே போட்டவனைத்தான் திட்டுவார். எடுத்த தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இந்தக் கட்டடத்துக்கும் அவள் கல் சுமக்கத்தான் வந்தாள். வந்த சில நாட்களிலேயே பாதுகாப்பு இன்ஜினியரம்மா அவள் தட்டுவதைக் கவனித்துவிட்டு, எதற்காக என்று கேட்டாள். தட்டக்கா தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு பச்சை மேல்சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இனிமே கல்லு தூக்க வேணாம்க்கா. தினமும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத் தளத்தையும் ஒரு சுத்து சுத்தி வாங்க. எனக்கும் சேர்த்துத் தட்டுங்க" என்றாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவந்தார்கள். தளத்து ஓரங்களுக்குக் கம்பித் தடுப்பு வந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி வந்தது. ஹெல்மெட்டில் ஆணி போட்டு வைத்திருந்தவர்கள் அதைத் தலையில் போட ஆரம்பித்தார்கள். வெளிச்சுவர்ச் சாரத்தில் நிற்கிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது பெல்ட்டை மாட்டினார்கள். ஓட்டைகளை மூடுகிற பலகைகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். சிவப்பைக் கண்டால் தொடக் கூடாது. இதைவிடச் சுலபமாக யாருக்கும் சொல்ல முடியாது என்று தட்டக்காவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அவள் புருஷனைப் பார்த்து, பாரம் தூக்காமல் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். மனிதர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு உளியைத் தீட்ட உட்கார்ந்தார். உன் சைட்டிலேயே கேளேன், பெரிய ஆள் ஆயிட்டியே என்றார். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அவர் ஏன் என்று கேட்பதற்குள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வீட்டு விஷயம் எப்படியோ சைட்டுக்கு வந்துவிட்டது. அங்கே சென்ட்ரிங் தச்சர்களில் ஒருவனுக்கு வாயாடி என்றே பெயர். கை வேலை செய்யும்போது வாயும் சேர்ந்து செய்யும். ஒரு காலத்தில் அவள் புருஷனோடு ஒரே குழுவில் இருந்தவன். டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"எங்களையெல்லாம் தைரியமா ஏறுங்கன்னு சொல்றீங்க. உங்க வீட்டுக்காரரை மட்டும் ஏற விட மாட்டீங்களா அக்கா? எங்க வீட்லயும் ஆளுங்க காத்துக்கிட்டுதான் இருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தக் கட்டடம் பத்திரம் என்று அவள் தினமும் சொல்கிறாள். அவளே அதை நம்புகிறாளா? அன்று முழுக்க அந்தக் கேள்வி அவள் பின்னாலேயே வந்தது.

மறுநாள் காலையில் மேல்தளத்தைச் சுற்றி வரும்போது ஒரு சிவப்புப் பலகையைத் தட்டினாள். சத்தம் சப்பென்று அடங்கியது. அடியில் நல்ல கான்கிரீட். அவளுக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு சிவப்பு. அதற்கடியிலும் தரைதான். தச்சர்கள் அவசரத்துக்கு எடுத்து, அதன்மேல் நின்று வேலை பார்த்துவிட்டு, அங்கங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் இரண்டும் சேர்ந்து மூடியிருந்த ஓட்டை எங்கே? தூணுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு காலி சிமெண்ட் சாக்கு சுருக்கமில்லாமல் விரித்துக் கிடந்தது. நான்கு மூலையிலும் காற்றில் பறக்காமல் செங்கல் வைத்திருந்தார்கள்.

எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தாள். காம்பால் சாக்கைத் தட்டினாள். சத்தமே வரவில்லை. காம்பு சாக்கைக் கிழித்துக்கொண்டு பாதிவரை உள்ளே போனது.

வாயாடி அப்போதுதான் படியேறி வந்தான். பலகை எடுத்தது அவன் குழுதான். பலகை குறைந்தது, கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறது, எடுத்துவிட்டார்கள். ஓட்டையைத் திறந்து போடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் சாக்கால் மூடியிருக்கிறார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், சாக்கின் நடுவில் இறங்கியிருந்த காம்பைப் பார்த்தான். அவன் வாயடைத்து நின்றதை அந்தக் கட்டடம் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

"நேத்து கேட்டியே தம்பி, ஏன் விட மாட்டேங்கறேன்னு. இதுக்குத்தான்" என்றாள் தட்டக்கா. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். பெயிண்ட் அடித்தும் எடுக்கிறார்களே, இவர்களை என்னதான் செய்வது என்று அழுதாள். அவர் வழக்கம்போலத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"செவப்பு அடிச்சா மட்டும் நல்ல பலகை நல்ல பலகையா இல்லாமப் போயிடுமா? நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். எடுத்தேனே" என்றார்.

இத்தனை காலத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அது உதவாத பலகைன்னு தச்சன் கண்ணுக்குத் தெரியணும். மூலைய வெட்டிடு. நாலு மூலையும் வெட்டின பலகைய வச்சு எவனும் அச்சுக் கட்ட முடியாது. ஓரம் சேராது, சிமெண்ட் பால் ஒழுகிடும். சும்மா குடுத்தாலும் தொட மாட்டான்."

அவள் அதை மறுநாளே இன்ஜினியரம்மாவிடம் சொன்னாள். இன்ஜினியரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பங்கையும் சேர்த்தாள். மூடி நகராமல் இருக்க அடியில் ஓட்டையின் அளவுக்குக் கட்டை அடிக்க வேண்டும், மேலே ஸ்க்ரூ போட்டுத் தளத்தோடு இறுக்க வேண்டும் என்றாள். அதோடு தச்சர்களைக் கூப்பிட்டு எத்தனை பலகை குறைகிறது என்று கேட்டாள். அதுவரை அதை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்டதை வாங்கித் தரச் சொல்லிக் கான்ட்ராக்டரோடு மல்லுக்கு நின்றாள். புதுப் பலகையை வாங்கி அதன் மூலையை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஸ்டோர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெட்டுவதற்கு ஒரு தச்சர் வேண்டும். கீழ்த்தளத்தில், நிழலில், பாரம் தூக்காத வேலை. தட்டக்கா மறுப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. கீழே மட்டும்தான், படியில் கால் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லி அழைத்து வந்தாள்.

முதல் பலகையை மேசைமேல் போட்டபோது அவர் ரம்பத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கீறல்கூட இல்லாத பலகை. தடவிப் பார்த்தார். ரம்பத்தை இழுத்தார். முதல் மூலை விழுந்ததும் அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலிக் காலுக்கு அண்டக் கொடுக்க ஆகுமாம். புத்தி எங்கே போகும்?

மூடிகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஒரு தளத்தில் மட்டும் ஓட்டை கோணலாக விட்டிருந்தார்கள். தட்டக்கா தானே அளந்து வந்து சொன்னாள். செய்த மூடி உட்காரவில்லை. திரும்ப அளந்து சொன்னாள், அதுவும் உட்காரவில்லை. நான் பார்த்தால்தான் ஆகும் என்றார் அவர். அவள் காம்பை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். அந்தத் தளத்தில் கிடந்த பலகை அத்தனையையும் தட்டினாள். கோணல் ஓட்டையைச் சுற்றியிருந்த தடுப்பில் தன் எடையையே சாய்த்துப் பார்த்தாள். இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"வாங்க" என்றாள்.

அவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். அவள் ஓர் அடி பின்னால் வந்தாள். அவர் இடுப்பில் பெல்ட்டை அவளே மாட்டி, தூணில் கொக்கியைப் போட்டாள். அவர் தடுப்புக்குள் குனிந்து அளவெடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தபோது இன்னொரு கையால் தடுப்புக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் பார்க்காதவள் போல இருந்துகொண்டாள். கோணலுக்குத் தகுந்தபடி கட்டையைச் சீவி அடித்து, மூடியை இறக்கி, ஸ்க்ரூவை முடுக்கினார். தடுப்பை நகர்த்திவிட்டு இருவரும் சுவரோரம் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து வாயாடி வேகமாக வந்தான். அவசர வேலை போலிருந்தது. அங்கும் இங்கும் தேடினான். மூடியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் நேராக அதனிடம் போய்க் குனிந்தான். கூப்பிட வாயெடுத்த தட்டக்காவின் கையைப் புருஷன் பிடித்து அழுத்தினார்.

வாயாடி மூலையைப் பார்த்தான். நிமிர்ந்து அடுத்த மூலையைப் பார்த்தான்.

"சே, நல்ல பலகைய எந்த முட்டாள் இப்படி வீணாக்கி வச்சான்" என்று சொல்லிவிட்டு, புதிதாக வாங்கிப் போட்டிருந்த அடுக்கில் இருந்து வேறொரு பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் புருஷன் தன் வாழ்க்கையில் எத்தனையோ வீடுகளுக்கு அச்சுக் கட்டியவர். நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். எந்தப் பாராட்டுக்கும் அவர் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கேட்டியா, முட்டாளாம்" என்றார்.

பிறகு அளவுகோலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மேல்தளத்தில் இன்னும் எத்தனை ஓட்டை பாக்கி இருக்கிறது என்று கேட்டார். தட்டக்கா காம்பை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் முன்னால் நடந்தாள்.

"வாங்க, காட்டறேன்."