ஏழு பேர் ஆடிய ஆட்டம்

போன ஆண்டு டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து வைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, டைரியில் தேதி எழுதிவிட்டு, ஆறேகாலுக்கு ஹைதராபாத் கூகட்பள்ளியில் மெட்ரோ ஏறினேன். நான் ஒரு சிறிய கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். விளையாட்டு ஆசிரியர் இல்லாததால் கால்பந்து அணிக்கும் நானே மேலாளர்.

அணியில் மொத்தமே பதினோரு பேர். அன்று உப்பலில் கல்லூரி லீக்கின் கடைசி ஆட்டம். தோற்றால் கடைசி இடம். கடைசி இடம் என்றால் அடுத்த ஆண்டு அணியே கிடையாது என்று முதல்வர் சொல்லியிருந்தார். டிரா செய்தால்கூடத் தப்பிவிடலாம்.

7.35-க்கு நடுவர் அடையாள அட்டைகளைக் கேட்டார். பைக்குள் ஃபைல் இல்லை. மாணவர்கள் தொலைத்துவிடுவார்கள் என்று சீசன் தொடங்கும்போதே எல்லா அட்டைகளையும் வாங்கி நானே வைத்திருந்தேன். முந்தின நாள் சரிபார்க்க எடுத்த ஃபைல் வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டது.

மனைவிக்குப் போன் செய்தேன். "பசங்க தொலைச்சிடுவாங்கன்னு வாங்கி வச்சீங்க. இப்ப யாரு தொலைச்சது?" என்றாள். கூடவே கதவைப் பூட்டும் சத்தமும் கேட்டது.

செய்முறைத் தேர்வுக்காக அட்டையை வாங்கிப்போன ஏழு பேர் அதைத் திருப்பித் தந்திருக்கவில்லை. அதற்காக முந்தின நாள்தான் அவர்களைத் திட்டியிருந்தேன். இப்போது அந்த ஏழு பேரிடம் மட்டும்தான் அட்டை இருந்தது. ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம், அட்டை வந்ததும் மற்றவர்கள் இறங்கலாம் என்றார் நடுவர்.

கேப்டன் செகந்திராபாத் தமிழ்ப் பையன். "டென்ஷன் நக்கோ சார், வேணவே வேணாம். ஆள் கம்மி, தண்ணி பாட்டில் ஜாஸ்தி. நல்லா குடிச்சிட்டு ஆடுறோம்" என்றான். மிச்சப் பேர் இன்னும் தூங்குகிறார்களா என்று எதிரணியினர் தெலுங்கில் கேட்டுச் சிரித்தார்கள்.

எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஏழு பேரும் கோலை விட்டு நகரவே இல்லை. காலாலும் மார்பாலும் பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெளியே வரச் சொன்னேன். அவன் ஆறு விரல்களைக் காட்டினான். ஆறு பேரானால் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். நொண்டியபடியே திரும்பிப் போனான். முப்பத்தைந்து நிமிட முதல் பாதியில் கோல் விழவில்லை.

இரண்டாம் பாதியின் நான்காவது நிமிடத்தில் விழுந்தது. 8.54-க்கு மனைவி மூச்சிரைக்க ஃபைலுடன் வந்து சேர்ந்தாள். மற்ற நான்கு பேரும் இறங்கினார்கள். கடைசி விசில் வரை முட்டிப் பார்த்தோம். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 0-1.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் முடிவைக் குறித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் எட்டிப் பார்த்தான். "ஸ்கோர் மட்டும் எழுதாதீங்க சார். எத்தனை பேர் ஆடினோம்னும் எழுதுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக, முதல்வர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றேன். தவறு என்னுடையது, ஏழு பேர் முப்பத்தொன்பது நிமிடங்கள் கோல் விடாமல் காத்தார்கள், மேலாளரை மாற்றுங்கள், அணியைக் கலைக்காதீர்கள் என்று எழுதிய கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தாமல் எழுதியது அது ஒன்றுதான்.