போனைக் காணோம் என்றால் பஸ் நிற்கும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஏழரை மணி பஸ் கண்டி டவுனுக்குப் போகவில்லை. நேரே பொலிசுக்குப் போனது!

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் ஒரு குரல். "ஐயோ, என் போனக் காணோம்!"

கத்தியது பவித்ரா. எங்கள் லேனில் நாலாவது வீட்டுப் பெண். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை.

அடடா, அதற்குப் பிறகு என்ன வேகம்! பின் சீட்டில் இருந்த முஸ்லிம் நானா ஒருவர் எழுந்து, "கதவ மூடுங்க, ஒருத்தரும் எறங்க ஏலா!" என்றார். கொண்டக்டர் வாசலை மறித்து நின்றார். டிரைவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் களவு போனால் இங்கே அதுதானே வழக்கம்? கதவைச் சாத்து, பஸ்ஸைப் பொலிசுக்கு விடு. எல்லோருக்கும் வேலைக்கு லேட்... ஆனால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"இவ்வளவு நல்ல போனை ஏன் பஸ்ஸில் கொண்டுவந்தாய்?" என்றும் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரையும்விட அதிகம் கொதித்தவர், பவித்ராவுக்குப் பின்னால் நின்ற டை கட்டிய மனிதர். "எல்லாரையும் செக் பண்ணணும்! இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியாது!"

பொலிஸ் வாசலில், தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் ஏறினார். என்ன மாதிரி போன் என்று விசாரித்தார். பவித்ரா ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். போனை எடுத்து அவரிடமே நீட்டிவிட்டு, பின்னால் நின்ற டை கட்டியவரைக் காட்டினாள்.

"போன் இருக்கு சார். இவரு கைதான் இருக்க வேண்டிய எடத்துல இருக்கல்ல."

டை கட்டியவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பஸ்ஸின் கோபம் அவர் பக்கம் திரும்பவில்லை. "இதுக்கா எங்கள இங்க கொண்டுவந்தீங்க?" "நேரம் போகுதே!" "பொய் சொல்லலாமா மகள்?" போனுக்காகப் பொறுத்தவர்கள்தான் இவ்வளவும் கேட்டார்கள்.

சார்ஜன்டும் அதையே கேட்டார். "ஏன் மிஸ் பொய் சொன்னீங்க?"

"போன மாசம் உண்மையச் சொல்லித்தான் கத்தினேன் சார். பஸ் நிக்கல்ல."

எனக்குக் காது சுட்டது. ஏனென்றால்... அன்றைக்கும் அதே பஸ்ஸில் நான் இருந்தேன். அதே ஆள், அதே கை. கொண்டக்டர், "முன்னுக்குப் போங்க தங்கச்சி" என்றார். ஒரு அம்மா, "தோளுக்கு மேல சோல் ஒண்ணு போர்த்திக்கிட்டு வரலாமே" என்றார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பெரிய மனிதன் அல்லவா! "அடுத்த பஸ்ல வாங்கம்மா, கூட்டம் கொறைவு" என்று அருள்வாக்குச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? அன்று மாலையே அவளுடைய அப்பா செல்வராஜிடம் விஷயத்தை அக்கறையோடு போட்டுக் கொடுத்தேன். மாநகர சபையில் கிளார்க், பயந்த மனிதர். "இன்னொரு தடவ இப்படி நடந்தா வேலைய விட்டுட்டு வீட்டுல இரு" என்று மகளிடம் சொல்லிவிட்டார். கோர்ஸ் படித்து, மூன்று இன்டர்வியூ ஏறி இறங்கி அவள் பிடித்த வேலை அது.

"பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார் சார்ஜன்ட்.

பஸ் முழுக்கக் கையைத் திருப்பி நேரம் பார்த்தது. நானும் பார்த்தேன். நான் கடிகாரம் கட்டுவதில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து இறங்கினேன். பார்த்தேன்தான்... அவள் மூன்று தடவை நகர்ந்து நின்றதையும், டை மூன்று தடவையும் கூடவே நகர்ந்ததையும். பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக மகாவலி ஆற்றின் அழகை ரசித்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். சார்ஜன்ட் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். டையை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

வெளியே வந்ததும் பவித்ரா, "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க அங்கிள்" என்றாள். அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது.

மாலையில் போனேன். செல்வராஜ் கதிரையைக் காட்டினார், தான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைலேருந்து வேலை வேணாம் சார். நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார்.

"நாலு பேரு இல்ல செல்வராஜ், பஸ் நெறைய பேசினாங்க. நானும் பேசினேன். அந்த ஆளு வீட்டுல இப்ப யாராவது அவர வேலைக்குப் போகாதன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

பவித்ரா கையில் கரண்டியோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செல்வராஜ் அவள் பக்கம் திரும்பினார்.

"காலைல வேலைக்குப் போ" என்றார் கடைசியில். "ஆனா இனிமே போனு கீனுன்னு கத்தாத. என்ன நடந்துச்சோ, அதையே சத்தமாக் கத்து."

கத்தட்டும். பஸ்ஸை நிறுத்தப் பெல் அடிக்க நான் இருக்கிறேன்!