கடுகளவு குழி

பிரேக் பிடித்தால் எங்கள் பைக் எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போடும். முன்பக்கம் அப்படியே அமுங்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் ஹெல்மெட் போய் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டில் டொக்கென்று இடிக்கும். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய வண்டி. துறைமுகச் சாலையின் பள்ளங்களையும் உப்புக்காற்றையும் பதினாறு வருடமாகத் தின்றிருந்தது.

ஒரு நாள் ரயில்வே கேட் வரிசையில் ஊர்ந்தபோது மூன்று முறை இடித்துவிட்டேன். பக்கத்து ஆட்டோவில் இருந்த ஒரு அம்மா, "ஏளா, எதுன்னாலும் வீட்டுல போயிப் பேசிக்கிடுங்க. ரோட்டுல வச்சு அந்த மனுசன் மண்டையில இடிக்காத" என்றார்.

அன்றைக்கே இவர் முடிவெடுத்தார். முன்சக்கரத்தை இருபக்கமும் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றித் தானே சரிசெய்வது. மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்றதற்கு, நான்கு வீடியோ பார்த்துவிட்டதாகச் சொன்னார். கப்பல் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் அலுவலகத்தில் குமாஸ்தா அவர். ஸ்பேனரையும் பேனா மாதிரிதான் பிடிப்பார்.

ஃபோர்க்குக்குள் எண்ணெய் குறைந்தால் முன்பக்கம் அமுங்கும்; அந்த எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். ஒரு சனிக்கிழமை முழுக்க ஹாலில் உட்கார்ந்து புது சீல் போட்டு மாட்டினார். நான்காம் நாள் வலதுபக்கம் எண்ணெய் வழிந்தது. இன்னொரு சீல் வாங்கி மாட்டினார். அதுவும் வழிந்தது. உதிரிபாகக் கடை அண்ணாச்சி டூப்ளிகேட் விற்கிறார் என்று கடைக்கே போய், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அண்ணாச்சி பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாராம். குற்றவாளிதான் அப்படிப் போவான் என்று இவர் தீர்ப்பும் சொன்னார்.

மூன்றாம் முறை கழற்றியபோது ஃபோர்க்கின் இரும்புக் குழாயைத் துடைத்துத் தரும் வேலை எனக்கு. நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். கண்ணாடிக் குடுவையில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கிற பழக்கம் உண்டு. குழாயில் ஓரிடத்தில் நகம் மாட்டியது. துரு அரித்த, கடுகளவு குழி. குழாய் ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் விளிம்பு சீலை அறுத்திருக்கிறது.

"இங்க வாங்க. நகத்த வச்சுத் தேச்சுப் பாருங்க" என்றேன்.

தேய்த்தார். இன்னொரு முறையும் தேய்த்தார்.

"அப்ப, அண்ணாச்சி?"

"அவரு குடுத்தது நல்ல சீலுதான்."

அந்த மாடலுக்குப் புதுக் குழாயும் அண்ணாச்சியிடம்தான் கிடைக்கும். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். துருவைப் பற்றியும் கடல் காற்றின் ஈரத்தைப் பற்றியும் கால்மணி நேரம் விளக்கிய பிறகுதான், தப்பு தன்மேல் என்பது வாயில் வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்கு சார் சீலத் தலகீழாப் புடிச்சிக்கிட்டு சத்தம் போட்டாவ, டீச்சர். சிரிச்சிரக் கூடாதுன்னுதான் உள்ள போனேன்."

புதுக் குழாயை மாட்டியதும், இரண்டு பக்கமும் எண்ணெய் சம அளவில் இருக்க வேண்டும் என்று, ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த அளவு ஜாடியால் நானே ஊற்றினேன். ஒரு சொட்டு கசியவில்லை.

முதல் சவாரியில் இவர் காரணமே இல்லாமல் பிரேக் பிடித்துக்கொண்டு வந்தார். "பாத்தியா, அமுங்கல" என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிச் சொன்னார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கடற்கரைச் சாலையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தி, குடித்திருக்கிறாரா என்று கேட்டார். இவர் இறங்கி, குழி தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். காவலர் குனிந்து முன்பக்கத்தை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் வண்டியிலும் எண்ணெய் வழிவதாகச் சொல்லி, எங்கள் வீடு எங்கே என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காவலர் லுங்கியோடு, தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் காபிகூடக் குடிக்காமல் ஸ்பேனரோடு வாசலுக்கு ஓடினார்.