‘நம’வுக்குப் பிறகு ஒரு மூச்சு

கிளாங்கிலிருந்து நகரத்துக்கு வரும் கொமுட்டர் ரயிலில், கண்ணை மூடி ஜபம் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. எதிர் இருக்கையில் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “வந்துக்கிட்டு... இருக்கேன் லா.” நடுவில் ஒரு நிறுத்தம், மெல்லிய விசிலோடு ஒரு மூச்சு, அப்புறம் மிச்சம். என் மனத்துக்குள் ஓடிய மந்திரமும் அதே மாதிரி நின்று, அதே விசிலோடு மூச்சு வாங்கி, தொடர்ந்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே இருந்த பெரியவர் இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நம.” நிறுத்தம். மூச்சு. “சிவாய.” எங்கள் அங்கிள் சொல்லித் தந்த முறை அது.

பிரிக்பீல்ட்ஸில் அவருடைய பிளாட் ஹாலில் ஞாயிறு காலைகளில் கூடுவோம். யாராவது ‘குருஜி’ என்று கூப்பிட்டால், “அதெல்லாம் இந்தியாவில. நான் பென்சன்காரன்” என்பார். அங்கே போவதற்கு முன் நான் சட்டை மாற்றுவதுபோல மந்திரம் மாற்றிக்கொண்டிருந்தேன். காயத்ரி எனக்கு நீளம். பாதி வழியில் ஆபீஸ் மெயில் ஞாபகம் வந்துவிடும். முருகனின் ஆறெழுத்து பிடிக்கும். ஆனால் சொல்லத் தொடங்கினால் கால் காவடித் தாளத்துக்கு ஆடும். போன் ஆப்பில் வரும் தம்பூராவுக்குத் தூங்கிப்போவேன். அங்கிளிடம்தான் ஐந்தெழுத்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் ஒட்டியது எழுத்துகள்கூட இல்லை, அந்த இடைவெளி. எதிலும் நிற்காத நான் அதில் மட்டும் நின்றேன்.

இடைவெளிக்கு எங்களிடம் விளக்கம்கூட இருந்தது. செராஸிலிருந்து வரும் அண்ணன் புதியவர்களுக்குச் சொல்வார்: “‘நம’ன்னு கும்பிட்டதும் ஒரு வெறுமை வரணும். வெறுமையிலதான் சிவம் வரும்.” அங்கிள் மறுத்ததில்லை.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். ஞாயிறுகள் நிற்கவில்லை. அவருடைய பிரம்பு நாற்காலியைச் சுவரோரம் விட்டுவிட்டு உட்காருகிறோம். ‘நம’ என்று எல்லோரும் நிறுத்தும்போது, மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் அந்த விசில் எனக்குக் கேட்கும், நாற்காலிப் பக்கமிருந்து. ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் வருகிறார் என்றே வைத்துக்கொண்டேன்.

அன்று அந்த ரயிலிலிருந்து சென்ட்ரலில் இறங்கி நேராக பிளாட்டுக்கு நடந்தேன். அங்கிளின் மனைவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆன்டி, அங்கிள் மந்திரத்த நடுவுல நிறுத்துவாரே, அது யாரு அவருக்குச் சொல்லிக் குடுத்தது?”

“ஆர் சொல்லிக் குடுக்கிறது? அவருக்கு இழுப்பெல்லோ, பிள்ளை. ஒரு மூச்சில சொல்லி முடிக்கேலாது.” கத்தி நிற்கவில்லை. “முதல்ல நீங்கள் எல்லாரும் அப்பிடி நிக்கேக்க, என்ர மனுசனைப் பகிடி பண்ணுறியள் எண்டு எனக்குச் சரியான கோவம். அவரிட்டச் சொன்னனான்.”

“என்ன சொன்னாரு?”

“சிரிச்சார். ‘நிக்கட்டும், விடு’ எண்டார்.”

திரும்பும் ரயிலில் ஒருமுறை நிற்காமல் சொல்லிப் பார்த்தேன். நமசிவாய. வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே கேட்டது என் குரல் மட்டும், ஒல்லியாக, அவசரமாக. அவர் இல்லை. பயந்துபோய் இடைவெளியை மறுபடி வைத்தேன். விசிலோடு வந்துவிட்டார். நெஞ்சு இறுகிய ஒரு மனிதரை, நான் ஜபத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு முறையும் மூச்சுத் திணற வைக்கிறேனா? அதன் பிறகு ஜபமே ஓடவில்லை.

செராஸ் அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“அப்ப நாம அத்தன பேரும் உட்கார்ந்து ஆஸ்துமாவ பிராக்டிஸ் பண்ணியிருக்கோமா?” என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. “ஏய், இத யாருகிட்டயும் சொல்லாத லா.”

“ஞாயித்துக்கிழம மந்திரத்த நான்தான் முன்ன சொல்லணும் அண்ணே. நிறுத்தாம சொல்லப் போறேன்.”

“நிறுத்தாம போனா அங்கிள் எங்க வந்து உட்காருவாரு?”

‘நிக்கட்டும், விடு’ என்று அவர் சொன்னது எங்களை நினைத்தா, தன்னையே நினைத்தா என்று தெரியவில்லை.

ஆனாலும் செய்து பார்க்கப் போகிறேன். பிரம்பு நாற்காலியில் ஆன்டியை உட்காரச் சொல்வேன். இத்தனை வருடமும் அவர் சமையலறையிலிருந்துதான் எங்களைக் கேட்டிருக்கிறார். ஒரு சுற்று, நிற்காமல், என் நுரையீரலுக்கு எது சுலபமோ அந்த வேகத்தில். மற்றவர்கள் பழக்கத்தில் ‘நம’வில் நிற்பார்கள், நான் மட்டும் ‘சிவாய’வுக்குள் தனியாகப் போய்விடுவேன். அந்த நேரத்தில் விசில் கேட்டால், இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பேன்.