நயீம் பாய் வெட்டிய பக்கங்கள்

நயீம் அகமதைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஆம்பூர் வாசகசாலையில் பதினோரு வருஷம் காரியதரிசியாக இருந்தேன். அத்தனை வருஷத்தில் என் பிராணனை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

பகலில் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா, சாயங்காலம் வாசகசாலை. 1931-ல் ஜோலார்பேட்டை ரயில்வேயிலிருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குத் திரும்பும்போது டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். சரித்திரமோ இலக்கணமோ இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். நாற்பது புத்தகம், நாற்பதும் சயன்ஸ் கதை! ஐம்பது வருஷத்துப் பழசும் உண்டு, அமெரிக்காவில் அப்போதுதான் அச்சான வழவழ அட்டைப் புத்தகங்களும் உண்டு. செவ்வாய்க்குக் கப்பல் விடுகிறவன், எறும்பளவு சுருங்கிப்போகிற டாக்டர், கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாழ்கிற பட்டணம். கைக்குழந்தைகூட நம்பாது. மேல்தட்டில் போட்டேன். யாரும் சீண்டவில்லை.

சீண்டியவர் நயீம் பாய். தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. பதனிட்ட தோலை விரலால் ஒரு தடவு தடவி ஃபர்ஸ்ட், செகண்டு, தேர்டு என்று எறிவார். சீமை வியாபாரிகளின் கடிதங்களைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். மாதத்துக்கு ஒரு புத்தகம் முடிப்பார். முடித்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டுப் போகமாட்டார். பின்னால் நாலு பேர் காத்திருக்க, என் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"சார், இவன் செவ்வாய்க்குப் போனான்றது பொய். போவட்டும், அந்த ஒரு பொய்ய நான் வுட்டுடறேன். ஆனா போன பொறவு பொய் சொல்லக்கூடாது. காத்தே இல்லன்னு எழுதிட்டு, மறுபக்கத்துல நாயை விசிலடிச்சிக் கூப்புடறான். காத்து இல்லாத எடத்துல விசில் எப்படி சார் கேக்கும்?"

"எனக்கு இன்னா பாய் தெரியும்? பேஜார் பண்ணாதீங்க, புஸ்தகத்த வெச்சிட்டுப் போங்க" என்பேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. 1933 ஜூனில் புத்தகங்களைச் சரிபார்த்தபோதுதான் எனக்கு மாரடைப்பு வராத குறை. பதினோரு சயன்ஸ் கதைகள் இளைத்துப் போயிருந்தன. ஒன்றில் நாலு பக்கம் இல்லை, இன்னொன்றில் பத்து. கிழிசல் கிடையாது. பிளேடு வைத்து, தையலை ஒட்டி, அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தது. பதினொன்றும் எடுத்துப் போனவர் ஒரே ஆள்.

கேட்டேன். முகத்தில் ஒரு கூச்சம் இருக்க வேண்டுமே!

"ஆமா சார், நான்தான். எங்க மண்டியில உண்ணி கடிச்ச ஓரம், கத்தி பட்ட ஓரம், எல்லாத்தயும் வெட்டி எடுத்துட்டுத்தான் கட்டு கட்டுவோம். கெட்ட ஓரம் போனாத்தான் தோல் செகண்டுலேர்ந்து ஃபர்ஸ்டுக்கு ஏறும். இதெல்லாம் நல்ல புஸ்தகம் சார். அங்கங்க கத்தி பட்டிருக்கு. எடுத்துட்டேன். இப்ப படிச்சிப் பாருங்க, எப்படிப் போவுதுன்னு!"

வாசகசாலைக்கு உபகாரம் செய்திருக்கிறாராம்! நான் கத்திய கத்தலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்தே போய்விட்டார்கள். அன்றைக்கே கமிட்டிக்கு எழுதினேன். கமிட்டி பத்து நிமிஷத்தில் அவரை நீக்கியது. அங்கத்தினர் புத்தகத்தில் அவர் பெயரைச் சிவப்பு மையால், ரூல் தடி வைத்து, நானே அடித்தேன்.

அப்போது அவர் கையில் கண்ணாடிப் பட்டணத்துக் கதை பாதியில் இருந்தது. கூரையில் முதல் விரிசல் விழுகிற இடம்.

"இத மட்டும் முடிச்சிட்டுக் குடுத்துடறேன் சார். நாளெல்லாம் தோலப் பாத்துட்டு வர்றேன். சாயங்காலம் பாக்கறதுக்கு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"ரூல்னா ரூல்தான், பாய்."

கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வெட்டின பக்கங்களையெல்லாம் சணல் கயிறு கட்டி அனுப்பியிருந்தார். மண்டியில் துண்டுத்தோலைக்கூட வீசமாட்டார்கள்.

பிறகுதான் என் தலைவலி ஆரம்பித்தது. பக்கத்தில் எண் இருக்கிறது, புத்தகத்தின் பெயர் இல்லை; ஒரே எண் இரண்டு மூன்று புத்தகத்தில் காணோம். எந்தப் பக்கம் எந்தக் கதையில் ஒட்டுவது? படித்தால்தான் தெரியும். பசைக்கிண்ணத்தை வைத்துக்கொண்டு, சபித்துக்கொண்டே படித்தேன். மூன்றாவது புத்தகத்தில் சபிப்பது குறைந்தது. ஐந்தாவதில் சாப்பாட்டுக்கு நேரம் தவறி என் மனைவி ஜெயபுஷ்பத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு எரிச்சல் எதில் என்றால், அந்த மனிதர் வெட்டிய இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடமே. நான் ஒட்ட ஒட்டக் கதை நொண்டியது.

பதினொன்றையும் முடித்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் கண்ணாடிப் பட்டணத்தையும் எடுத்தேன். முடித்த அன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஹெட்மாஸ்டர் சத்தியநாதனிடம் சொன்னேன். "பரீட்சைக்கு வருமா?" என்றார். ஜெயபுஷ்பத்திடம் சொன்னேன். "கண்ணாடி ஒடஞ்சா பெருக்கி வாரட்டும்" என்றாள். ஆம்பூரில் இதைப் பேச ஒரே ஓர் ஆள் இருந்தார். அவர் பெயரைத்தான் நான் அடித்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மண்டி வாசலுக்குப் போனேன். "பாய், அந்தக் கண்ணாடி ஊர் கடைசில இன்னா ஆவுதுன்னா..." என்று ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அல்லா! சொல்லாதீங்க சார். நானே படிக்கணும். என்னிக்காவது."

என்றைக்கு? எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வேறு பிரதி ஏது? கமிட்டிக்கு இரண்டு தடவை மனுக் கொடுத்தேன். இரண்டு தடவையும் தள்ளிவிட்டார்கள். பிளேடு வைத்திருக்கிறவரைச் சேர்ப்பதா என்றார்கள். நான் எழுதிய வாசகம் அது, என் முகத்திலேயே திரும்பி அடித்தது. கடைசியில் அந்தப் புத்தகத்தை என் பெயரில் எடுத்தேன். அங்கத்தினர் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை எழுதிச் சுவரில் மாட்டியவனும் நான்தான். துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இருபத்தாறு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். மண்டி வாசலில் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் இருந்தது. கூரை இடிந்து விழுகிறபோது ஒரு பெண் பதினாலு பக்கம் நின்று பாட்டுச் சொல்லி அழுவாளே, அதுகூட இருந்தது. எனக்கே பிளேடு எடுக்கக் கை துறுதுறுத்த இடம் அது.

"இத ஏன் பாய் வுட்டீங்க? இது தேர்டுகூட இல்ல, கழிவு!" என்று சத்தமே போட்டுவிட்டேன்.

"உங்க பேர்ல எடுத்த புஸ்தகம் சார்" என்றார். "நான் பிளேடு வெச்சா, அவங்க உங்க பேர இல்ல அடிச்சிடுவாங்க?"

குத்திக் காட்டவில்லை. அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மணி அடித்தது. சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த புத்தகம் எது என்று அவர் கேட்கவேயில்லை.